போவாவே, உனக்கு எந்த ஊர்?

ரயிலில் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தவரிடம் நாம் முதலில் என்ன கேட்போம்? பெயர்கூட அப்புறம்தான். "உங்களுக்கு எந்த ஊரு?" ஊர் தெரிந்துவிட்டால் பாதி ஆளைத் தெரிந்துகொண்ட மாதிரி! இதே கேள்வியை ஒரு பாம்பைப் பார்த்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் போவா கன்ஸ்ட்ரிக்டர் வளர்க்கிறவர்கள்தான் அவர்கள். "என்னிடம் ஒரு போவா இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த நொடி, "எந்த ஊர் போவா?" என்பார்கள். சுரினாமா, பெருவா, அர்ஜென்டினாவா, ஹோண்டுராஸ் தீவா? வாலின் நிறத்தைப் பார்ப்பார்கள், முதுகுப் பட்டைகளை எண்ணுவார்கள், தாய் தகப்பன் யார் என்று விசாரிப்பார்கள். பாம்புக்கு ஊரில் அப்படி என்ன இருக்கிறது? ஒன்றா, இரண்டா! வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து வியப்போம்!

1. மலைப்பாம்பு வேறு, போவா வேறு – தெரியுமா?

இரண்டும் பருமன், இரண்டும் இரையைச் சுற்றி இறுக்கும். அதனால் போவாவையும் மலைப்பாம்பு என்றே நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். மலைப்பாம்புகள் ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. முட்டையிட்டு, அதைச் சுற்றிச் சுருண்டு அடைகாப்பவை. போவா கன்ஸ்ட்ரிக்டரோ அமெரிக்கக் கண்டங்களின் பிள்ளை. வடக்கே மெக்சிகோவில் தொடங்கி தெற்கே அர்ஜென்டினா வரை அதன் ராஜ்ஜியம். அது முட்டையிடாது, குட்டி போடும்! ஒரே ஈற்றில் 10 முதல் 60 குட்டிகள் வரை! ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளம். மெல்லிய சவ்வுப் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து தாயின் தயவே வேண்டாம். தானே ஒளியும், தானே வேட்டையாடும்.

2. முதன்முதலில் எழுதிய விலாசமே தப்பு!

உயிரினங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்த சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ், 1758ல் இந்தப் பாம்புக்கு 'போவா கன்ஸ்ட்ரிக்டர்' என்று பெயர் சூட்டினார். இது வாழும் இடம் எது என்ற இடத்தில் அவர் எழுதியது 'இந்தீஸ்'! தூர தேசங்களையெல்லாம் அன்றைய ஐரோப்பியர் ஒரே மூட்டையாகக் கட்டிச் சொன்ன பெயர் அது. அது பிழை என்று பின்னால் வந்தவர்கள் குறித்து வைத்தார்கள். ஊர் பெயரால் இன்று கொண்டாடப்படும் ஒரு பாம்பின் வரலாறு, தப்பான ஊர் பெயரோடு தொடங்கியிருக்கிறது!

3. பெயருக்குள் ஒரு பசு மாடு!

சாரைப்பாம்பு தொழுவத்துக்குள் புகுந்து மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு மடியில் பால் குடிக்கும் என்று நம் கிராமத்துப் பாட்டிகள் சொன்ன கதை நினைவிருக்கிறதா? அச்சு அசலாக அதே கதை 2000 ஆண்டுகளுக்கு முந்தைய ரோமாபுரியிலும் இருந்தது! போவா என்ற பாம்பு பசுவின் பாலைக் குடித்து வளர்கிறது, பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது என்று மூத்த பிளினி எழுதி வைத்தார். அந்தப் பழைய பெயரைத்தான் லின்னேயஸ் எடுத்துக்கொண்டார். உண்மையில் எந்தப் பாம்பாலும் மடியில் பால் உறிஞ்ச முடியாது. உறிஞ்சுவதற்கு வேண்டிய உதடே அதற்குக் கிடையாது!

4. ஊருக்கு ஊர் ஒரு செல்லப் பெயர்

பிரேசிலில் 'ஜிபோயா'. மெக்சிகோவில் 'மசாகுவாத்தா'. மானையும் பாம்பையும் குறிக்கும் பழைய நாவாட்டில் மொழிச் சொற்கள் சேர்ந்து பிறந்த பெயர் அது. அதாவது மான் பாம்பு! பெலீஸில் 'வாவ்லா'. டிரினிடாடில் 'மக்காவேல்'. அர்ஜென்டினாவில் 'லாம்பலாகுவா'. டொமினிகா தீவில் 'தெத் ஷியான்', நாய்த் தலை என்று பொருள்! இன்னொரு வேடிக்கை கேளுங்கள். நம் வீட்டு வாசலில் பாட்டிலில் நீர் ஊற்றி வளர்க்கிறோமே மணி பிளாண்ட், அந்தக் கொடிக்குப் பிரேசிலில் பெயர் 'ஜிபோயா'. மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறதல்லவா, அதனால்!

5. வாலில் எரியும் சிவப்பு!

சுரினாம், கயானா, பிரெஞ்சு கயானா ஆகிய மூன்று பகுதிகளின் காடுகளிலும் அமேசான் பகுதியிலும் வாழும் போவாதான் அசல் செவ்வால் போவா. உடம்பு சாம்பலும் இளம் பழுப்புமாக அடக்கமாக இருக்கும். முதுகில் குதிரைச் சேணம் போட்டது போன்ற காபி நிறப் பட்டைகள். வால் நெருங்க நெருங்க அந்தப் பட்டைகள் திடீரென்று குங்குமச் சிவப்பாக மாறும்! கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை சேணப் பட்டைகளை எண்ணுவது வளர்ப்பவர்களின் வழக்கம். இந்தச் செவ்வாலுக்குப் பட்டைகள் குறைவு. மத்திய அமெரிக்கப் போவாவுக்கு அதிகம். பட்டையின் ஓரம் கூர்மையாக நீண்டு வௌவால் இறக்கை விரித்தது போல இருந்தால் அவர்களுக்குப் பூரிப்பு தாங்காது!

6. உலகம் சுற்றிய கொலம்பியாக்காரர்

செல்லப்பிராணிச் சந்தையில் 'செவ்வால் போவா' என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை அசல் செவ்வாலே அல்ல, தெரியுமா? அவை கொலம்பியாவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் போன இம்பெரேட்டர் போவாக்கள். பிரெஞ்சு அறிஞர் டோடான் 1803ல் பெயர் வைத்த வகை இது. 'பேரரசர்' என்று பொருள்! நெடுநாள் இதைத் துணையினம் என்றே சொன்னார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் வளர்ப்பவர்கள் வாயில் இன்றும் பழைய சுருக்கங்கள்தான்: செவ்வாலுக்கு 'பிசிசி', இம்பெரேட்டருக்கு 'பிசிஐ'. 2016ல் இன்னொரு பிரிவினையும் நடந்தது. மெக்சிகோவின் பசிபிக் கரையோரப் போவாவும் தனிக்குடித்தனம் போனது. அதன் பெயர் போவா சிக்மா.

7. ஒரே நாடு, மழைக்காட்டுக்கு ஒன்று, வறண்ட கரைக்கு ஒன்று

பெரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே இக்கிட்டோஸ், புகால்பா நகரங்களைச் சுற்றி அமேசான் மழைக்காடு. அங்கே ஈரத்தில் பளபளக்கும் செவ்வால். மலையைத் தாண்டி வடமேற்கே போனால் தும்பெஸ் என்ற வறண்ட கரையோரம். அங்கே கருமை ஓடிய, நீண்ட வால் கொண்ட வேறொரு போவா! 'நீள்வால்' என்று பொருள்படும் 'லாங்கிகாடா' என்ற பெயரை அதற்குச் சூட்டியதே 1991ல்தான். நடுவில் ஒரு மலை நின்றது, இரண்டு பக்கமும் இரண்டு முகம் உண்டாகிவிட்டது!

8. குளிரைத் தாங்கும் கறுப்பழகி

போவா என்றால் வெயிலும் மழையும் மட்டும் என்று நினைக்காதீர்கள். அர்ஜென்டினாவிலும் பராகுவேயிலும் பரவிக் கிடக்கும் கிரான் சாக்கோ முட்காடுகளில் குளிர்காலம் நடுக்கும். அங்கே வாழ்வதுதான் லாம்பலாகுவா. கறுப்பும் அடர்பழுப்புமான உடம்பில் வெள்ளைக் கோலம் இழுத்தது போல வரிகள்! தோலுக்காக வேட்டையாடப்பட்ட இந்த வகைக்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையில் மிக உயர்ந்த பாதுகாப்பான முதல் பட்டியலில் இடம். மற்ற போவா கன்ஸ்ட்ரிக்டர் வகைகளெல்லாம் இரண்டாம் பட்டியலில்தான். அதற்கு வடக்கே பொலிவியாவிலும் தெற்குப் பிரேசிலிலும் வெள்ளிச் சாம்பல் நிறத்தில், குட்டை வாலோடு ஓர் உறவினர் உண்டு. பிரேசிலின் பாம்பியல் அறிஞர் அஃப்ரானியோ தோ அமரால் பெயரைத் தாங்கிய 'அமராலி' அது.

9. அழகே ஆபத்தான தீவு – தெரியுமா?

ஹோண்டுராஸ் நாட்டின் லா சீபா நகரக் கரைக்கு அப்பால், கரீபியன் கடலில் காயோஸ் கொச்சினோஸ் தீவுக்கூட்டம். கொச்சினோ என்றால் ஸ்பானிஷில் பன்றி. ஆங்கிலத்தில் அதையே 'ஹாக் ஐலண்ட்ஸ்' என்கிறார்கள். காடு மூடிய இரண்டு சிறிய தீவுகள், அவற்றைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் 13 திட்டுகள், அங்கே கரிஃபுனா இனத்து மீனவர் குடியிருப்புகள். அவ்வளவுதான் மொத்த உலகமும்!

அந்தத் துளி நிலத்தில் வாழும் போவா, எதிர்க்கரையில் வாழும் சொந்தக்காரர்களைப் போலவே இருக்காது. பழுப்புக்குப் பதில் வெளிறிய இளஞ்சிவப்பும் சந்தனமும் குழைத்த நிறம். வாலில் பவளச் சாயல். முழுதாக வளர்ந்தாலும் நாலைந்து அடிதான். சுபாவத்தில் சாது. கைக்கு அடக்கமான, கண்ணுக்குக் குளிர்ச்சியான போவா! கேட்க வேண்டுமா? 1970களின் இறுதியில் வியாபாரிகளின் கண் அதன் மேல் விழுந்தது. ஆண்டுக்கு ஆண்டு பிடித்தார்கள். ஆயிரக்கணக்கில் கப்பலேறிப் போயின. காட்டில் நாள் முழுக்கத் தேடினாலும் ஒன்றைக் காண்பதே அபூர்வம் என்ற நிலை வந்தது.

1990களில் தீவுகள் பாதுகாப்புக்குள் வந்தன. பிடிப்பது குறைந்தது. அப்புறம் நடந்ததுதான் நெஞ்சை நிறைக்கிறது. மிச்சமிருந்த போவாக்கள் மெல்ல மெல்லப் பெருகின! ஆராய்ச்சியாளர்கள் தீவில் இறங்கிப் பார்த்தபோது மரக்கிளைகளில் மறுபடியும் இளஞ்சிவப்புச் சுருள்கள். கூண்டுகளிலும் அதன் வம்சம் தொடர்கிறது. தீவு வம்சத்தை வேறெதனோடும் கலக்காமல், தலைமுறை தலைமுறையாகக் குறிப்பு எழுதிக் காப்பாற்றும் வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் திருட்டுப் பயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அழகாகப் பிறந்ததற்கு அந்தப் பாம்பு கொடுத்த விலையை நினைத்தால் மனசு கனக்கிறது.

10. தீவுக்குப் போனால் குள்ளமாகும்!

பெலீஸ் நாட்டின் கடலோரத் திட்டுகளிலும் குள்ளப் போவாக்கள் உண்டு. அங்கே எலிக்கும் முயலுக்கும் எங்கே போவது? வலசை போகும் பறவைகள் களைத்து இறங்குகின்றன. போவா மரமேறிக் காத்திருக்கிறது! சின்ன இரை, சின்ன உடம்பு. இது பசியால் வந்த குள்ளம் அல்ல. கூண்டில் வயிறார உணவு கொடுத்தாலும் தீவு வம்சம் பெருநிலத்து வம்சத்தின் அளவுக்கு வளர்வதில்லை. மரபணுவைப் படித்த விஞ்ஞானிகள் இன்னொரு விந்தையையும் கண்டார்கள். மத்திய அமெரிக்கத் தீவுக் குள்ளர்கள் எல்லாரும் ஒரே குள்ளப் பாட்டனின் பேரன்கள் அல்ல. வெவ்வேறு தீவில், வெவ்வேறு குடும்பம், தனித்தனியாகக் குள்ளமாகியிருக்கிறது! யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. ஆனால் எல்லார் விடைத்தாளிலும் ஒரே விடை!

11. பகலில் ஒரு சேலை, இரவில் ஒரு சேலை

பச்சோந்திதான் நிறம் மாற்றும் என்றா நினைத்தீர்கள்? போவாவும் மாற்றும்! பகலில் ஒரு சாயல், இரவில் வேறொரு சாயல். தோலின் நிறமிச் செல்களுக்குள் நிறமி விரிவதும் சுருங்குவதுமே காரணம். தீவுப் போவாக்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இரவில் பார்த்த பாம்பை மறுநாள் மதியம் பார்த்தால் வேறு பாம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்களோ என்று திகைப்பீர்கள். இதுபோக, தோல் உரித்த புதிதில் வெயிலில் பிடித்தால் உடம்பு முழுக்க வானவில் ஓடும்!

12. நிறத்துக்கு ஒரு கூட்டம், ஊருக்கு ஒரு கூட்டம்

போவா வளர்ப்பவர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி 'மார்ஃப்' பிரியர்கள். வெள்ளை, ஆரஞ்சு, கோடு போட்டது, கோடே இல்லாதது என்று மரபணுப் பிறழ்வுகளைத் தேடித் தேடி இணை சேர்ப்பவர்கள். அதிலும் ஓர் ஆச்சரியம்! வெளிறிய அல்பினோ போவாவில் கால், ஷார்ப் என்று இரண்டு வம்சம். இரண்டும் பார்வைக்கு அல்பினோதான். ஆனால் இரண்டையும் இணை சேர்த்தால் பிறப்பவை சாதாரண நிறக் குட்டிகள்! ஏனென்றால் பிறழ்ந்த மரபணு ஒன்றல்ல, வெவ்வேறு.

இன்னொரு கட்சி 'லொக்காலிட்டி' பிரியர்கள். எனக்கு மனசு அவர்கள் பக்கம்தான். காட்டில் அந்த ஊர்ப் பாம்பு எப்படியோ அப்படியே வேண்டும் அவர்களுக்கு. நம் ஊரில் காங்கேயம் காளையையும் புலிக்குளம் மாட்டையும் சிப்பிப்பாறை நாயையும் கலப்பில்லாமல் காப்பாற்றப் பாடுபடுகிறார்களே, அந்தத் தவிப்பு! வித்தியாசம் ஒன்றுதான். காங்கேயத்தை உருவாக்கியது மனிதன். ஹாக் ஐலண்ட் போவாவை உருவாக்கியது கடலும் காலமும். ஒருமுறை கலந்துவிட்டால் பாலில் விட்ட தண்ணீர் மாதிரி, பிரிக்கவே முடியாது. அதனால்தான் தாய் யார், தகப்பன் யார், எந்த ஆற்றங்கரையிலிருந்து வந்தவை என்று எழுதிய சீட்டு இல்லாத பாம்பை அவர்கள் வம்சம் சேர்ப்பதில்லை.

13. மூச்சை அடைத்துக் கொல்வதில்லை!

போவா இரையை இறுக்கி மூச்சுத் திணற வைத்துக் கொல்லும் என்றுதான் பாடப் புத்தகத்தில் படித்தோம். தப்பு! அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரியைச் சேர்ந்த ஸ்காட் போபேக் குழு 2015ல் இதைச் சோதித்துப் பார்த்தது. மயக்க மருந்து கொடுத்த எலிகளின் உடம்பில் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அளக்கும் கருவிகள். போவா சுற்றியது. ஆறே வினாடியில் எலியின் தமனி ரத்த அழுத்தம் பாதியாக விழுந்தது! ஓடும் ரத்தம் அப்படியே தேங்கி நின்றது. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல் இரை மயங்கிவிடுகிறது. மூச்சு முட்டும் அளவுக்கு நேரமே கிடைப்பதில்லை.

14. இரையின் இதயம் நின்றதும் அதற்குத் தெரியும்!

எப்போது இறுக்குவதை நிறுத்துவது? இதே குழு அதற்கு முன்பே, 2012ல், ஒரு விசித்திரமான சோதனை செய்தது. இறந்த எலிக்குள் தண்ணீரால் துடிக்கும் பொய் இதயத்தை வைத்துப் போவாவிடம் கொடுத்தார்கள். இதயம் துடித்துக்கொண்டே இருந்தால் போவா இறுக்கிக்கொண்டே இருந்தது. பாதியில் துடிப்பை நிறுத்தியபோது சீக்கிரமே பிடியைத் தளர்த்தியது! உயிருள்ள இரையைப் பிறந்ததிலிருந்து பார்த்தே இராத கூண்டுப் போவாக்களும் இந்தத் துடிப்பை உணர்ந்தன. யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்த நாடி பார்க்கும் வித்தை!

15. நெஞ்சு நசுங்கும்போது எங்கே மூச்சு விடும்?

இரையை இறுக்கும்போது போவாவின் சொந்த விலா எலும்புகளும் அழுந்துமே, அது எப்படி மூச்சு விடுகிறது? பிரௌன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2022ல் விடை சொன்னார்கள். டாக்டர் நம் கையில் சுற்றும் ரத்த அழுத்தப் பட்டையைப் போவாவின் உடம்பில் சுற்றி அழுத்தினார்கள். பட்டை கட்டிய இடத்து விலா எலும்புகள் ஓய்ந்தன. உடனே கொஞ்சம் தள்ளிப் பின்னால் இருந்த விலா எலும்புகள் மூச்சு வேலையை ஏற்றுக்கொண்டன! நுரையீரலின் எந்தப் பகுதியால் மூச்சிழுப்பது என்பதை இடம் மாற்றிக்கொள்ளும் உடம்பு!

16. தகப்பன் இல்லாத 22 மகள்கள்!

அமெரிக்காவில் ஒரு பெண் போவா. அபூர்வமான கேரமல் நிறம். ஆண் போவாக்களோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள். இரண்டு ஈற்றில் 22 குட்டிகள் பிறந்தன. அத்தனையும் பெண், அத்தனையும் கேரமல்! டிஎன்ஏவைச் சோதித்தால் எந்தக் குட்டிக்கும் தகப்பனின் தடயமே இல்லை. ஆண்கள் பக்கத்திலேயே இருந்தும், தாய் தன்னந்தனியாகப் பெற்ற பிள்ளைகள் அவை! 2010ன் இறுதியில் வெளியான இந்த ஆய்வு ஒரு புதிரையும் கிளப்பியது. பாம்புகளின் பாலினக் குரோமோசோம் பறவை மாதிரி என்று நம்பியதால், குட்டிகளின் அமைப்பு யாருக்கும் விளங்கவில்லை. 2017ல் முடிச்சு அவிழ்ந்தது. போவாவுக்கு இருப்பது நம்மைப் போன்ற எக்ஸ்-ஒய் முறை! அந்தக் கணக்குப்படி தாய் தனியாகப் பெற்றால் எல்லாமே மகள்கள்தானே!

17. பாம்பின் கால்!

பாம்பின் கால் பாம்பறியும் என்ற பழமொழி போவாவுக்கு நேர்ப் பொருளிலேயே பொருந்தும்! அதன் வால் தொடங்கும் இடத்தில், இருபுறமும் சின்னக் கொக்கி போல இரண்டு நகங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் முன்னோருக்கு இருந்த பின்னங்கால்களின் மிச்சம் அவை. ஆணுக்கு அவை பெரிது. இணை சேரும்போது பெண்ணின் உடம்பை அவற்றால் வருடிக் கொடுக்கும்!

18. நாற்பது வயதுத் துணை

போவா வாங்குவது ஒரு நாய்க்குட்டி வாங்குவதைவிட நீண்ட கல்யாணம்! பிலடெல்பியா விலங்குக் காட்சிசாலையில் 'பாப்பாய்' என்ற போவா 40 வயதைக் கடந்து 1977ல் இறந்தது. நீளத்தில்தான் கதைகள் பெருகிவிட்டன. டிரினிடாடில் பதினெட்டரை அடிப் போவா என்று நெடுநாள் புத்தகங்களில் இருந்த சாதனை, கடைசியில் ஓர் அனகோண்டாவுடையது என்று தெரியவந்தது! நல்ல வளர்ந்த பெண் போவா எட்டு முதல் பத்து அடி வரும். ஆண் அதைவிடச் சிறியது.

19. வளர்ப்பது எவ்வளவு நுணுக்கம் – தெரியுமா?

பெரிய போவாவுக்கு ஆறடி நீளத்துக்குக் குறையாத கூண்டு வேண்டும். ஒரு மூலை 32 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பு, எதிர் மூலை 26 டிகிரி குளுமை. பாம்பு தானே நகர்ந்து தனக்கு வேண்டிய சூட்டைத் தேர்ந்துகொள்ளும். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டர் கூடவே கூடாது. தோல் வெந்துபோகும்! மழைக்காட்டுக்காரருக்கு ஈரப்பதம் கூடுதலாக, சாக்கோக்காரருக்கு இனப்பெருக்கக் காலத்தில் கொஞ்சம் குளிராக. பார்த்தீர்களா, இங்கேயும் ஊர்தான் பேசுகிறது!

சாப்பாடு, உறைய வைத்துப் பிறகு வெதுவெதுப்பாக்கிய எலி. உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் குதறிவிடும். வளர்ந்த போவாவுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். அன்பு மிகுதியால் அடிக்கடி ஊட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. கொழுப்பு சேர்ந்து ஆயுள் குறையும். சாப்பிட்ட பின் இரண்டு நாளாவது தொடக் கூடாது. செவ்வாலுக்கு வயிறு இன்னும் மென்மை. பெரிய இரையைக் கொடுத்தால் கக்கிவிடும். அதனால் சின்ன இரை, நீண்ட இடைவெளி.

கண் பால் விட்டது போல நீலமாக மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அப்போது கண் சரியாகத் தெரியாது, தொந்தரவு செய்யாதீர்கள். கண்ணின் மேலுள்ள கண்ணாடி மூடி உட்பட ஒரே துண்டாகச் சட்டை உரிந்து வந்தால் வளர்ப்பவர் ஜெயித்தார்!

20. ஒரு நோய், ஒரு கண்டுபிடிப்பு

போவாக்களை வதைக்கும் 'ஐபிடி' என்ற கொடிய நோய் உண்டு. சாப்பிட்டதைக் கக்கும், தலை தடுமாறும், பாம்பு வானத்தைப் பார்த்தபடியே உறைந்து நிற்கும். பல ஆண்டுகள் காரணம் புரியவில்லை. 2012ல் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு நோயுற்ற பாம்புகளில் அரினா வைரஸ்களைக் கண்டது. அதுவரை அந்தக் குடும்பத்து வைரஸ்கள் பாலூட்டிகளிடம் மட்டுமே அறியப்பட்டவை! எந்தக் குறியும் காட்டாமலே ஒரு போவா இந்த வைரஸைச் சுமக்கலாம். அதனால்தான் புதிதாக வரும் பாம்பைப் பல மாதம் தனியறையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

21. ஊர் மாறினால் வினை!

1971ல் ஒரு சினிமாப் படப்பிடிப்புக்காக மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்குக் கொண்டுபோன சில போவாக்கள் அங்கேயே விடப்பட்டன. இன்று தீவு முழுக்கப் பரவி, அங்கே மட்டுமே உள்ள உயிரினங்களுக்கு எமனாகிவிட்டன! கரீபியனின் அரூபா தீவில் 1999ல் முதல் போவா தென்பட்டது. அங்கேயும் இன்று நிலைத்துவிட்டன. புவேர்ட்டோ ரிக்கோவிலும் மயாமியிலும் அதே கதை. சொந்த ஊரில் காட்டின் காவலன், அடுத்தவர் ஊரில் அழிவு. வளர்க்க முடியாமல் போனால் வெளியே விட்டுவிடுவது கருணை அல்ல. பாம்புக்கும் துரோகம், மண்ணுக்கும் துரோகம்!

22. கொள்ளுப் பாட்டனுக்கு 13 மீட்டர்!

கொலம்பியாவின் செர்ரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த முதுகெலும்புகள் 2009ல் உலகையே வாய்பிளக்க வைத்தன. டைட்டனோபோவா! போவா குடும்பத்தின் பூதம்! சுமார் 13 மீட்டர் நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடை என்று கணக்கிட்டார்கள். டைனோசர்கள் மறைந்து ஒரு கோடி ஆண்டுகள் ஆவதற்குள்ளேயே, இன்றைக்குச் சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன், அது அந்தச் சதுப்புக் காட்டை ஆண்டது.

23. நம் மண்ணிலும் ஓர் உறவுக்காரர்!

போவாவின் சொந்தம் நம் காட்டுக்கரையிலேயே இருக்கிறது, தெரியுமா? மண்ணுளிப் பாம்பு! இருதலைப் பாம்பு என்று சொல்கிறோமே, அதுதான். வால் மழுங்கி இன்னொரு தலை போலத் தெரிவதால் அந்தப் பெயர். விஷமில்லை, கடிப்பதும் அரிது, எலியைத் தின்று விவசாயிக்கு உதவும், போவாவைப் போலவே குட்டி போடும். இந்த அப்பாவியைப் பிடித்து, அதிர்ஷ்டம் தரும், மருந்துக்கு ஆகும் என்று லட்சம் லட்சமாக விலை பேசி ஏமாற்றுகிறார்கள். ஏமாறுகிறவர்களுக்குப் பணம் போகிறது, பாம்புக்கு உயிர் போகிறது.

போவா நம் நாட்டில் சட்டப்படி எப்படி? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024ல் வந்த விதிகளும் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கின்றன. விமானப் பெட்டியில் துணிக்குள் சுற்றிக் கடத்திவரப்படும் குட்டிப் பாம்புகளைச் சென்னை விமான நிலையத்தில் பிடித்த செய்திகளைப் படிக்கிறோமே, அப்படி வரும் ஒன்றை வாங்கினால் நாமும் அந்தக் கடத்தலின் கூட்டாளிதான். எந்த ஊர், எந்தத் தாய் என்று யாருக்கும் தெரியாத பாம்பு அது.

24. கடைசியாக ஒன்று – இது தெரியுமா?

வெளியே பனி கொட்டும் ஏதோ ஒரு குளிர்தேசத்து வீடு. உள்ளே வெதுவெதுப்பான கூண்டு. கண்ணாடிக்குப் பின்னால் சந்தன நிறத்தில் சுருண்டு கிடக்கிறது நாலடிப் போவா ஒன்று. அது கடலைப் பார்த்ததில்லை. அதன் தாயும் பார்த்ததில்லை. பாட்டி பார்த்திருப்பாளோ என்னவோ. ஆனால் கூண்டின் மேல் ஒட்டியிருக்கிறது ஒரு சின்னச் சீட்டு. அதில் பேனாவால் எழுதியிருக்கிறது: 'காயோஸ் கொச்சினோஸ்'.

1758ல் ஒரு மேதை போவாவின் ஊரைத் தப்பாக எழுதினார். அதன் பிறகு வந்த எத்தனையோ சாதாரண மனிதர்கள், ஒவ்வொரு பாம்பாகப் பார்த்து, பட்டையை எண்ணி, வம்சத்தை விசாரித்து, சரியான ஊரை எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சீட்டு கிழிந்தால் அது வெறும் ஒரு போவா. சீட்டு இருக்கும் வரை, ஒரு தீவின் கடலும் வெயிலும் வலசைப் பறவைகளும் அந்த உடம்பில் இருக்கின்றன. எங்கேயாவது ஒரு போவாவைப் பார்க்க நேர்ந்தால் பயப்படாமல் பக்கத்தில் போய், நம் ஊர் வழக்கப்படி முதல் கேள்வியைக் கேளுங்கள்: "உனக்கு எந்த ஊர்?"